சந்தனம் வைத்த சென்சார்

பட்டறையில் எனக்குப் பட்டப்பெயர் ‘ஜாக்கிரதை’. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. நான் உள்ளே நுழையும்போது, “ஜாக்கிரதை வருது, ஷூவ மாட்டு” என்று மெஷின் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் கேட்கும், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்களுக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மெஷினோடு சேர்த்து ஆட்களின் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளி ஒருநாள் என் தலையில் கட்டினார். எனக்கு அது கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. தரையில் எண்ணெய் சொட்டினால் கத்துவேன். துப்பட்டாவைத் தொங்கவிட்டு நின்றால் கத்துவேன். பழுதான மெஷினில் மாட்டுவதற்குச் சிவப்பு அட்டைகள் அடித்து வைத்தேன். மெஷின் ஓடும்போது வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்த அன்றைக்கே, எல்லோருடைய போனையும் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தேன். சாவி என் பாக்கெட்டில்.

இத்தனையும் கம்பெனி கேட்டுக்கு உள்ளேதான். வெளியே வந்தால் நான் வேறு ஆள். கொரட்டூரிலிருந்து பைக்கில் வருவேன்; ஹெல்மெட் என் முழங்கையில் தொங்கும். சிக்னலில் போலீஸ் தென்பட்டால் தலைக்கு ஏறும், தாண்டியதும் திரும்ப முழங்கைக்கு இறங்கிவிடும். ஸ்டேஷனில் நடைமேம்பாலம் இருக்கிறது. தண்டவாளத்தைத் தாண்டிக் குதித்துத்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி கிரிக்கெட்டில் பந்து சன்ஷேடில் விழுந்தால் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இறங்குவது நான்தான். “கம்பெனியில உங்கள என்னவா வச்சிருக்காங்கன்னு சொன்னீங்க?” என்று என் மனைவி அவ்வப்போது விசாரிப்பாள். நான் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

பட்டறையில் என் கத்தலுக்கு மசியாத ஒரே ஆள், தகடு வெட்டும் மெஷின்களில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்கும் அக்கா. ஆவடியிலிருந்து வருவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், என்னைவிடப் பத்து மடங்கு வாய். அவருடைய பிரஸ்தான் எங்களிடம் புதுசு, வந்து நாலு மாதம்தான் ஆகிறது. முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் இடுப்புயரத்துக்கு இரண்டு தூண்கள். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் விரல் குறுக்கிட்டால் போதும், மேலே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் இரும்புத் தலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சென்சார் என்போம்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். காலை எட்டு மணிக்கு மெஷினை ஓடவிடுவார். வலது கையை நேரே உள்ளே நீட்டுவார், தகடு வைக்கிற இடம் வரைக்கும். கை பாதி வழி போவதற்குள் மெஷின் நின்றுவிடும். ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார். சென்சார் வேலை செய்கிறதா என்று தினமும் பார்ப்பது நல்ல காரியம்தான். கையை விட்டா பார்ப்பது?

ஆயுதபூஜை அன்று இதை வைத்து எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். எல்லோரும் மெஷின்களைத் துடைத்துக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தோம். சந்தனக் கிண்ணம் என் கையில். வருஷா வருஷம் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பது நான்தான்; அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

“அக்கா, நாளன்னைக்கு மெஷின் ஓட்டும்போது கையை விடாதீங்க. ஒரு குச்சி, ஒரு அட்டை, எதையாவது விட்டுப் பாருங்க” என்றேன்.

“குச்சிய உட்டா குச்சிக்கு நிக்கும். என் கைக்கு நிக்கும்னு எனக்கு எப்டி தெரியும்?”

“எதுக்கும் நிக்கும்க்கா. இதோ, பூஜைப் பழம் இருக்கு. இத விட்டாக்கூட நிக்கும்.”

“சாமிப் பழத்த மெஷின்ல உடச் சொல்றீங்களே, இன்னா சார் நீங்க” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த எரிச்சலோடு நான் அவர் மெஷினுக்கு வந்தேன். புது மெஷின், பளபளவென்று நிற்கிறது. இரண்டு தூண்களையும் பார்த்தால் கோயில் வாசல் மாதிரி இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு தூணுக்கும் வரிசையாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. லீவுதான், ஆனாலும் ஒவ்வொரு மெஷினிலும் நாலு பீஸ் அடித்து வைப்பது எங்கள் வழக்கம். முதலாளி, நான், பக்கத்துப் பட்டறைகளுக்கும் சேர்த்து வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன், இன்னும் இரண்டு பேர் வந்திருந்தோம். அக்கா வரவில்லை, குடும்பத்தோடு திருவேற்காடு கோயிலுக்குப் போயிருந்தார். மற்ற எட்டு மெஷின்களும் ஒழுங்காக ஓடின. மூன்றாம் நம்பர் அசையவில்லை. முதலாளி பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. நல்ல நாளில் புது மெஷின் மக்கர் செய்தால் யாருக்குத்தான் சுருங்காது?

எலெக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து தட்டிப் பார்த்தார். “சென்சார் அவுட்டு சார். கம்பெனிக்காரன்தான் வரணும்.”

“நாலு பீஸுக்குக் கம்பெனிக்காரன் எங்க வர்றது? இப்போதைக்கு டைரக்ட் குடுத்துடு. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன்.

நான்தான் சொன்னேன். சென்சாரைக் கழற்றிவிட்டு நேராக மின்சாரம் கொடுப்பதற்கு எங்கள் பேச்சில் ‘டைரக்ட்’ என்று பேர். வேறு யாராவது அதைச் செய்திருந்தால் ஒரு மாதம் விடாமல் கத்தியிருப்பேன். அவர் ஒரு வயரை மாற்றிச் செருகினார். மெஷின் ஓடியது. நாலு பீஸ் விழுந்தது. முதலாளி கைதட்டினார். சிவப்பு அட்டையை மாட்டலாம் என்று எடுத்தேன். சாமந்தி மாலை போட்டு நிற்கிற மெஷினில், அதுவும் விஜயதசமி அன்று, ‘அபாயம்’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட மனசு வரவில்லை. காலையில் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று டிராயரில் வைத்துவிட்டேன். வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, கொண்டைக்கடலைச் சுண்டலைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு மெஷின் நினைப்பே இல்லை.

அடுத்த நாள் காலை ஏழரைக்கு மேல் இருக்கும். நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பி நான்காம் மாடியில் லிப்டுக்குள் நின்றோம். கதவு மூடுகிற மாதிரி வந்தது, திறந்துகொண்டது. மறுபடி வந்தது, மறுபடி திறந்துகொண்டது. நான் பட்டனைக் குத்தினேன். கதவை ஒரு உதை உதைத்தேன்.

“அத ஏன் உதைக்கிறீங்க?” என்று மனைவி குனிந்தாள். கதவோரத்தில் இருந்த சின்னக் கண்ணாடிப் பொட்டுகளின் மேல் யாரோ முந்தின நாள் ராத்திரி பூஜை போட்டுச் சந்தனம் அப்பியிருந்தார்கள். கைக்குட்டையை எடுத்து ஒரு துடை துடைத்தாள். கதவு சமர்த்தாக மூடிக்கொண்டது. “சென்சார் மேல சந்தனம் வச்சா அது எப்படி மூடும்? உங்க ஆளுங்க மாதிரி யாரோதான் வச்சிருக்காங்க.”

லிப்ட் கீழே இறங்கியது. தரையைத் தொடுவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றாம் நம்பர் சென்சாருக்கு ஒரு கேடும் இல்லை. அதன் கண்ணை அடைத்தவன் நான். கண் தெரியாமல் அது மெஷினை நிறுத்தி வைத்திருந்தது, பாவம், தன் கடமையைச் செய்துகொண்டு. அதையும் கழற்றச் சொன்னவன் நான். இப்போது அந்த மெஷினை எதுவும் நிறுத்தாது. எட்டு மணிக்கு அக்கா வலது கையை உள்ளே நீட்டுவார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து மெஷின்காரருக்குப் போட்டேன், அதுவும் அப்படியே. அப்புறம்தான் உறைத்தது: எல்லாப் போனும் பெட்டிக்குள். முந்தின நாள் பெட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, யார் கேட்டாலும் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்ததும் நான்தான். வாட்ச்மேனுக்குப் போட்டேன், பிசி. காலையில் மகளோடு பேச ஆரம்பித்தால் அவர் லேசில் வைக்கமாட்டார். எலெக்ட்ரீஷியன் எடுத்தார். “நான் முகப்பேர்ல கீறேன் சார், இன்னா விஷயம்?” என்றார். உடனே கிளம்பி வரச் சொன்னேன்; ஆனால் எட்டு மணிக்குள் அவர் எங்கே வர? முதலாளியின் போன் அணைந்திருந்தது.

பைக்கை எடுத்தேன். அந்த இருபது நிமிஷத்தில் நான் செய்யாத தப்பு இல்லை. ராங் சைடில் போனேன். சிவப்பு சிக்னலைத் தாண்டினேன். ஒரு தண்ணி லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்தேன். பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் அந்தக் கை மட்டும்தான் கண் முன்னால் நின்றது. இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல், நடுவிரலில் ஒரு நெளி மோதிரம். மதியச் சாப்பாட்டில் என் தட்டில் கேட்காமலே கருவாட்டுத் தொக்கு வைக்கும் கை. அன்றைக்கு நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை.

பட்டறைக்குள் ஓடியபோது மணி எட்டு பத்து. மற்ற மெஷின்களும் நின்றிருந்தன. எல்லோரும் மூன்றாம் நம்பரைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. வளையல் இருந்தது, மோதிரம் இருந்தது, பத்து விரலும் இருந்தன. நான் எண்ணினேன்.

மெஷினுக்குள், தகடு வைக்கிற இடத்தில், ஒரு வாழைப்பழம் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது.

“நீங்க சொன்னீங்களேன்னு உட்டேன் சார்” என்றார் அக்கா. குரல் வழக்கமான குரல் இல்லை. “உங்கள மாதிரி பேசிக் காட்டிகினு, இவங்கள சிரிக்க வெக்கலாம்னு பூஜைப் பழத்த எடுத்து உட்டேன். அது நிக்கல சார். பழத்து மேல எறங்கிச்சு, இன்னும் ரெண்டு வாட்டி எறங்கிச்சு. நான்தான் ஓடிப்போய் மெயின அணைச்சேன்.”

கழிவுத் தகடு போடும் டிரம்மின் விளிம்பில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் அதில் உட்கார்ந்தால் கத்துவேன். நாற்பது பேருக்கு முன்னால் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்னைக் கேலி செய்ய வேண்டும் என்று அவருக்கு அன்று தோன்றாமல் போயிருந்தால்?

“எவன் சார் இதுக்கு டைரக்ட் குடுத்தது?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

எலெக்ட்ரீஷியன் மேல் சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியதை மறைக்கவில்லை. “நான்தான் குடுக்கச் சொன்னேன். சந்தனம் வச்சு சென்சார மறைச்சதும் நான்தான். அட்டை மாட்டாம போனதும் நான்தான்” என்றேன்.

அக்கா வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார். “சரி, அதத் துடைங்க மொதல்ல.”

ஈரத்துணியால் இரண்டு தூண்களையும் நானே துடைத்தேன். அதற்குள் எலெக்ட்ரீஷியன் முகப்பேரிலிருந்து வந்து சேர்ந்து, வயரைப் பழையபடி மாற்றினார். சென்சாரில் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா சீப்பிலிருந்து இன்னொரு பழத்தைப் பிய்த்து, ஓடும் மெஷினுக்குள் மெல்ல நீட்டினார். மெஷின் டக்கென்று நின்றது. இன்னொரு முறை நீட்டினார், நின்றது. மூன்றாவது முறையும் நின்றது. பழத்தை உரித்து, பாதியை எனக்குக் கொடுத்தார்.

“இப்ப நல்லா கீதா சார்?”

“நல்லா இருக்குக்கா. இனிமே கவலையே இல்ல.”

“அப்ப நீங்க ஒரு தபா கைய உட்டுக் காட்டுங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். மெஷின் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சென்சார் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்று முறை கண்ணால் பார்த்தேன். வயர் எங்கே போகிறது என்பதுகூடத் தெரியும். கையைத் தூக்கினேன். அதற்கு மேல் அது போகவில்லை.

“அவ்ளோதான் சார்” என்றார் அக்கா. “நாலு மாசமா தெனம் உட்டேன் நானு. இன்னிலேர்ந்து நானும் உடமாட்டேன், பழந்தான்.” என்னவோ சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டு, பாதியில் நின்ற என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். முழங்கையில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. கொரட்டூரிலிருந்து அத்தனை லாரிகளுக்கு நடுவிலும் அது அங்கேயேதான் தொங்கியிருக்கிறது.

“கைய அவ்ளோ பத்திரமா கொணாந்துகீறீங்க” என்றார். “தலை யாரோடது சார்?”

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் கேட்டில் பைக்கை எடுக்கும்போது, ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே கொக்கியைப் போட்டுக்கொண்டேன். “ஜாக்கிரதை” என்றார் அக்கா, முதல் முறையாக என் முகத்துக்கு நேரே.