கொழுந்தெடுக்கும் கை

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கலாராணி அர்ச்சனைக்குச் சொன்ன பெயர்களைக் கேட்டுப் பூசாரி முதலில் முழித்தார். தர்ஷன், பூவம்மா, ஜிப்னா.

"ஜிப்னாவா? முஸ்லிம் பேரு மாதிரி இருக்கே?"

"அம்மனுக்கு அவங்களைத் தெரியும். நீங்க சொல்லுங்க சாமி."

அவள் மகன் தர்ஷன் கைக்குழந்தையாக இருந்தபோது, அவனைப் போல் சமர்த்து லயத்து வீடுகளிலேயே இல்லை என்றார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் மற்றக் குழந்தைகள் கூரை பறக்கக் கத்தினாலும் அவன் பாட்டுக்குத் தூங்குவான். தேயிலை மலையில் கொழுந்தெடுப்பதை விட்டுப் பால் கொடுக்க ஓடிவரும் கலாராணிக்கு அது பெருமை. வயது ஒன்றாகப் போகிறது, "ம்மா" என்று ஒரு சத்தம் வரவில்லை என்றபோது, காது கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது.

கணவன் நிமலன் திருவிழாவில் தப்பு மேளம் அடிப்பவன். "காது கேக்காதுன்னு எவன் சொன்னது?" என்று பிள்ளைக்குப் பின்னால் நின்று தப்பில் ஓர் அடி போட்டான். தர்ஷன் திரும்பிச் சிரித்தான். அதோடு பேச்சு முடிந்தது.

பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பூவம்மா விடுகிறவளா? நச்சரித்தே இருவரையும் பிள்ளையோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினாள். நிமலன் சாட்சிக்குத் தப்பையும் தூக்கிக்கொண்டு போனான்!

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜிப்னா மிஸ் சிரிக்கவில்லை. தப்பை அடிக்கச் சொல்லி, கலாராணியின் கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். "அதிருது பாருங்க. மகனுக்குத் தெரியுறது இந்த அதிர்வுதான், சத்தமில்ல."

"அப்ப என்னைய அம்மான்னு கூப்பிடவே மாட்டானா மிஸ்?"

"காதுக்கு மெஷின் போட்டுப் பார்ப்பம். அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம். முகத்துக்கு நேரே வந்து, வாயாலயும் கையாலயும் பேசுங்க. அவர் கையால காட்டுறதும் பேச்சுத்தான். உடனே பதில் சொல்லுங்க."

மெஷின் வந்தது. பால், மழை, நாய் என்று கைப்பேச்சும் ஒவ்வொன்றாக வந்தது. லயத்தில் சிலர் நக்கலடித்தார்கள், அடிக்கட்டும். ஆனால் மிஸ் காட்டித் தந்த 'அம்மா'வை மட்டும் அவன் செய்யவே இல்லை. கலாராணி அதை யாரிடமும் சொல்லாமல் ஏங்கினாள்.

ஒருநாள் வேலை விட்டு வந்தவளிடம் பூவம்மா அலுத்துக்கொண்டாள். "காலையில இருந்து வாசல்ல நின்னு மலையைப் பார்த்து இதையே செய்யுறான் புள்ள. என்னா கேக்குறான்னு வெளங்கல."

தர்ஷன் அம்மாவைக் கண்டதும் இன்னும் வேகமாகச் செய்தான். இரண்டு கையாலும் எதையோ கிள்ளினான், தோளுக்கு மேலே பின்னால் போட்டான். மறுபடி கிள்ளினான்.

கொழுந்து. கூடை. அவள்தான்!

கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தாள். கலாராணி அவன் முகத்துக்கு நேரே குந்தினாள். அவனைப் போலவே கிள்ளி, தோளுக்குப் பின்னால் போட்டு, கையாலேயே பதில் சொன்னாள்.