முள் திரும்பி ஓடிய ரேடியோ

போன வாரம் எங்கள் வீட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். அதற்குள் மனைவி ஸ்பீக்கரை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். “கடையில குடுத்துக்கலாம். நீங்க தொட வேணாம்.”

கல்யாணமான புதிதில் என் ரேடியோ கதையை நானே அவளிடம் சொல்லித் தொலைத்தேன். எந்தக் கணவனாவது அப்படிச் செய்வானா?

எண்பதுகளில் திருநின்றவூரில் வாடகை வீடு. அப்பாவுக்கு அம்பத்தூரில் ஃபேக்டரி வேலை. வீட்டில் தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர். பத்தாவது படித்த எனக்கு அதன் முதுகைக் கழற்றிப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி, வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள், ஸ்டேஷன் காட்டும் முள்ளை இழுக்கிற மெல்லிய நூல்... எல்லாவற்றுக்கும் பெயர் தெரியும். அதனால் எல்லாமே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்கா சர்ச் குழுவில் பாடுவார். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பாட்டு ரேடியோவில் வருவதாக இருந்தது. முதல் நான்கு வரி அக்கா மட்டும் தனியாக. அவர்கள் வீட்டில் ரேடியோ இல்லை. எங்கள் வீட்டில் கேட்பதாக ஏற்பாடு.

அன்று காலை பார்த்து நூல் அறுந்தது. அப்பா ரிப்பேர் கடைக்குக் கிளம்பினார். “எதுக்குப்பா? நானே மாட்டறேன்.”

மாட்டினேன். முள் நகர்ந்தது. ஏதோ ஒரு ஸ்டேஷனும் பேசியது. போதாதா?

சாயங்காலம் பாதித் தெரு எங்கள் வீட்டில். அக்கா புதுப் புடவையில் வந்திருந்தார். அப்பா வழக்கமான எண்ணில் முள்ளை நிறுத்தினார். கொர்ர்ர்... அவ்வளவுதான். அக்காவின் முகம் சுருங்கியது.

“இன்னாடா பண்ணி வச்சிகீற?” என்றார் அப்பா.

அப்போதுதான் உறைத்தது — நூலைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறேன். முள் வலது பக்கம் போனால் ஸ்டேஷன் இடது பக்கம் போகிறது. “அந்தக் கோடிக்குத் திருப்புப்பா” என்றேன், ஈனக் குரலில்.

திருப்பினார். ஸ்டேஷன் கிடைப்பதற்குள் பாட்டு முடியப்போகும் நேரம். குழுவே சேர்ந்து பாடிய கடைசி “ஆமென்” மட்டும் தெளிவாகக் கேட்டது.

அக்காவின் அம்மா சொன்னார்: “வுடுங்க. புள்ள இன்னா வேணும்னா செஞ்சிது?” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ரேடியோவை அணைத்தார். அங்கேயே நின்று முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தார். முழுப் பாட்டும். நடுவில் ஒருவரும் இருமவில்லை.

முடிந்ததும் பக்கத்து வீட்டு மணி அண்ணன் சொன்னார்: “ரேடியோவுல வந்திருந்தாகூட இவ்ளோ க்ளியரா இர்ந்திருக்காதும்மா.”

அந்தப் பாராட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் தாழ்மையான கருத்து.