கடைசி ஓவர்காரன்

பதினோரு வருடம் பந்து போட்டேன். கூட்டிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி சும்மா நின்றதுதான். திருவண்ணாமலையைச் சுற்றி எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் எங்கள் அணியில் நான் கடைசி ஓவர்காரன். மற்றவர்கள் போட்டு முடிக்கும்வரை பவுண்டரி ஓரத்தில் தோளை உதறிக்கொண்டு நிற்பேன். ஆறு பந்துக்காக ஒன்றரை மணி நேரம் வெயில். அதில் எனக்குக் கர்வம் வேறு. முன்னாடியே பந்தைக் கேட்டு வாங்குகிறவன் கடைசி ஓவருக்குப் பயந்தவன் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். கேப்டன் கூப்பிட வேண்டும், நான் நடந்து வர வேண்டும்.

அன்று வேங்கிக்காலில் இருபது ஓவர் ஆட்டம். ஓர் அரசுத் துறையின் அணிக்கு ஆள் எடுக்க மூன்று பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேறினால் வேலை. அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். கேப்டனுக்கும் இது தெரியும்.

பத்தாவது ஓவர் முடிந்ததும் மானத்தை விட்டுக் கேட்டேன். "அண்ணா, இன்னிக்கு ஒரு ஓவர் முன்னாடியே குடுங்கண்ணா."

"இர்றா. உன்ன கடைசிக்குனு வச்சிருக்கேன். டென்ஷன்ல நீ எப்டி போடறன்னு அவங்க பாக்கட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் பையன்கள் அன்று பார்த்து வெறி பிடித்த மாதிரி போட்டார்கள். பதினேழாவது ஓவரிலேயே எதிரணிக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசியாக வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினான். பந்து உயர எழும்பி நேராக என்னிடம் இறங்கியது.

அவர்களுக்கு இன்னும் நாற்பது ரன் வேண்டும். விட்டாலும் நாங்கள்தான் ஜெயிப்போம், எனக்கும் ஓவர் வரும். அத்தனை தெளிவாக அந்த நினைப்பு வந்தது. கை கேட்கவில்லை. பிடித்துவிட்டேன்.

ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். மேலிருந்து பார்த்தபோது அந்த மூவரும் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அவர்களிடம் ஓடிப்போய்க் கெஞ்சினார். ஒருவர் என் பக்கம் திரும்பி, "நல்ல கேட்ச் தம்பி" என்றார். எங்கள் வேகப்பந்துக்காரர்கள் இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது.

இப்போது செங்கம் சாலை லாட்ஜ் ஒன்றில் சாவி கொடுக்கிறேன். வரவேற்பறை டிவியில் மேட்ச் ஓடும். போன வாரம் அறை எடுத்திருந்த ஒருவர் பார்த்துக்கொண்டே, "நீங்க கிரிக்கெட் ஆடுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை.