அறுபது எண்ணி ஒரு கையெழுத்து

முதலில் உட்காருகிறார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முதுகைச் சாய்க்கிறார். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறதா என்று குனிந்து பார்க்கிறார். பிறகு உதடு மட்டும் அசைய ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்கிறார். அறுபது வரும்வரை நீங்கள் என்ன கேட்டாலும் பதில் வராது. மேலதிகாரியே வந்தாலும் நிற்க வேண்டியதுதான். அறுபது ஆனதும் கைப்பிடியை அழுத்தி எழுந்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பலகைமேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். வழிந்து போனால் சரி. தேங்கி நின்றால், பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்டருக்கு அன்றைக்கு முகத்தில் ஈயாடாது.

"உக்காந்து பாக்காம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன் சார். பெஞ்சு போடறதுக்கும் அப்படித்தான், எடுக்கறதுக்கும் அப்படித்தான்."

மாநகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இரண்டாம் மாடியோடு நின்றுவிடுவதால் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறை அவருடையது. நடைபாதையில் நடப்பட்டிருக்கும் எல்லாமே அவர் பொறுப்பு. பெஞ்சு, குப்பைத்தொட்டி, பஸ் நிறுத்தத்து இருக்கை, வண்டி ஏறாமல் தடுக்கும் குட்டைத் தூண். வரைவதிலிருந்து பிடுங்குவதுவரை அவர்தான். அலுவலகத்தில் அவருக்குப் 'பெஞ்சு மேடம்' என்று பெயர். ஊர் முழுக்க ஆயிரத்து இருநூறு பெஞ்சு; ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னத் தகடு, அதில் ஓர் எண். எண்ணைச் சொன்னால் போதும், எந்தத் தெரு, எந்த மரத்தடி, எந்தத் திருகாணி ஆடுகிறது என்று ஒப்பிப்பார். சொந்தத் தம்பி பிள்ளைகளின் பிறந்தநாளைத்தான் யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இதற்குப் பயந்தே அவருடைய நாத்தனார், அவர் வரும் நாளில் பழைய நாற்காலிகளை உள்ளே தள்ளிவிடுவாராம். மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார். "அதோ, நுனியில உக்காந்திருக்காரு பாருங்க. அவருக்கு வீட்டுல யாரோ காத்திருக்காங்க. இந்தப் பக்கம் சாஞ்சிருக்கற அம்மாவுக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கல." சரியா தவறா என்று நான் விசாரிக்கவில்லை. சொல்லும்போது நம்பத்தான் தோன்றும்.

அவர் வரைந்த பெஞ்சில் அலங்காரம் எதுவும் கிடையாது. தரையிலிருந்து நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம், இரண்டு முனையிலும் உறுதியான இரும்புக் கைப்பிடி. கைப்பிடியை எடுத்துவிட்டால் ஒரு பெஞ்சுக்கு இவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் பிரிவு ஒருமுறை எழுதியதாம். இவர் அந்தப் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போய், அவரைத் தரையில் உட்காரச் சொல்லி, கையை எங்கும் ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். கைப்பிடி தப்பித்தது. "உக்கார்றதுக்கு யாருக்கும் உதவி வேணாம் சார். எழுந்திரிக்கத்தான் ஒரு கை வேணும்."

சாலைப் பிரிவோடு அவருக்குத் தீராத சண்டை. பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போவார்கள். நடைபாதையும் அதற்கு ஈடுகொடுத்து ஏறும். பெஞ்சு மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கும். நாற்பத்தைந்து முப்பத்தெட்டாகி, முப்பத்தெட்டு முப்பதாகும். 'பெஞ்சு குழந்தைகளுக்கானதா?' என்று மக்கள் கேட்டு எழுதுவார்கள். "பெஞ்சு குட்டையாகல சார், ஊர் உசந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட அவர் பெருமையாகச் சொல்வது ஒரு விதியைப் பற்றி. முன்பெல்லாம் ஒரே ஒரு புகார் வந்தால் போதும், பெஞ்சைப் பிடுங்கிவிடுவார்கள். சண்டை பிடித்துச் சரி செய்வதைவிடப் பிடுங்குவது சுலபம். பிடுங்கினால் புகார் 'தீர்ந்தது' என்று கணினியில் பச்சையாகிவிடும். இப்படி ஒரே வருஷத்தில் எண்பது பெஞ்சு போயிற்று. இவர் ஆறு மாதம் மேலதிகாரிகளின் வாசலில் தவம் கிடந்து, மூன்று புகார் வந்தால்தான் எடுக்கலாம் என்று உத்தரவு வாங்கினார். "ஒருத்தருக்குப் பிடிக்கலேன்னா அது கோபம். மூணு பேருக்குப் பிடிக்கலேன்னாதான் அது புகார்" என்பது அவர் வாதம். வேறு வேறு ஆளா என்பதைத் தொலைபேசி எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியதும் அவர்தான். ஒரு எண்ணுக்கு ஓர் ஆள். காகிதத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

அவருடைய கணவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் நூறு மீட்டர் போனால் கால் மரத்துவிடும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் அடுத்த நூறு. தெருக்கோடியில் ஒரு படிப்பகம் இருக்கிறது. அங்கே காலை பதினொரு மணிக்கு நாலு பேர் செஸ் ஆடுவார்கள். வீட்டிலிருந்து படிப்பகம்வரை வழியில் மூன்று பெஞ்சு: 212, 213, 214. அந்த மூன்றும் இருந்தால் அவருக்கு நாலு சிநேகிதர்கள் உண்டு. இல்லையென்றால் ஜன்னல்தான்.

213-இல் அவரோடு ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். "ஒரு ஸ்கூலையே ஓட வெச்சவன் சார் நான். இப்ப என் வீட்டுக்காரி நம்பர் போட்டு என்னை நடக்க வெக்கிறா" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷம் ஆனதும் வலது கையால் கைப்பிடியை அழுத்தி எழுந்தார். எழுந்த பிறகு, ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இனி என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். 214 இருந்தது நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில். கண்ட கண்டவர்கள் வந்து உட்காருகிறார்கள், கட்டடத்துக்கு அழகாக இல்லை என்று எங்கள் சங்கச் செயலாளருக்கு எரிச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஒரு சின்ன விஷயம் சார். உங்க போன்ல ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். கையில் பாதி படித்த செய்தித்தாள். நின்று என்ன ஏது என்று கேட்கச் சோம்பல். சொன்னேன். மூன்று புகாரில் ஒன்று என்னுடையது.

நாலாம் நாள் காலையில் மாடியிலிருந்து பார்க்கிறேன். ஓர் அம்மாள் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். உதடு அசைந்தது. எழுந்து தண்ணீர் ஊற்றினார். 'செயலாளர் சொன்னது சரிதான், யாரோ ஒரு மாதிரியான ஆள்' என்று நினைத்தேன். அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் காஸ் கட்டரால் நாலு காலையும் அறுத்தார்கள். அவ்வளவு நேரமும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் பிறகு அவரைத் தேடிப் போனபோதுதான் அந்த அம்மாள் யார் என்று தெரிந்தது. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் சார். முதல் நாள் என்னைப் பாக்க வந்தப்ப உங்க நம்பர் குடுத்தீங்க இல்ல, அப்பவே தெரியும். மூணாவது புகார்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. "அப்படியானால் நிறுத்தி வைத்திருக்கலாமே? உங்கள் கணவர் உட்காரும் பெஞ்சு அல்லவா?" என்று கேட்டேன்.

"அதனாலதான் முடியாது. என் புருஷன் உக்கார்ற பெஞ்சுன்னு நான் ஒண்ணை விட்டுட்டா, நாளைக்கு இந்த ரூலையே தூக்கிடுவாங்க. பழையபடி ஒரு போன் வந்தா ஒரு பெஞ்சு போகும். ஆயிரத்து இருநூறு இருக்கு சார்."

எடுத்த இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மறுபடி எதையும் நட்டுவைக்கக் கூடாதாம். ஆட்டோவில் போகலாமே என்று மடத்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "டாக்டர் நடக்கச் சொன்னாரு. போய்ச் சேரச் சொல்லல" என்றார்.

அதன்பிறகு அவர் செய்ததைத் தப்பு என்று அவரே சொல்கிறார். வீட்டிலிருந்த நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுபோய், 214 இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மதிலோரம் கடை விரித்திருக்கும் பூட்டு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தார். பதினொரு மணிக்கு எடுத்துப் போட வேண்டும்; ஐந்து நிமிஷம் கழித்து எடுத்து வைத்துவிட வேண்டும். "நடைபாதையில பொருள் வெக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பறவ நான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு ஸ்டூல் சார்."

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் செயலாளர் போட்டோ எடுத்துப் புகார் அனுப்பினார். இந்த முறையும் என்னிடம் வந்தார். மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பெரிய வீரம்தான். அவர் வீட்டிலேயே மூன்று போன் இருக்கிறது.

பெஞ்சு என்றால் மேடத்தின் கையெழுத்து முன்னால் வேண்டும். தட்டுமுட்டுச் சாமான் என்றால் முதலில் தூக்கிவிடுவார்கள், கையெழுத்து பிறகு. மேடம் அலுவலகக் கூட்டத்தில் இருந்த ஒரு காலை நேரத்தில் வண்டி வந்து ஸ்டூலை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு நடந்ததைப் பூட்டு ரிப்பேர்க்காரர்தான் சொன்னார். "வாத்தியார் வந்தாரு. ஸ்டூலைத் தேடினாரு. நிக்க முடியல. நான் என் சாக்கை விரிச்சேன், உக்காந்துட்டாரு. அப்புறம் எழுந்திரிக்க வரல. நானும் தெருவுல போன ஒருத்தரும் ஆளுக்கொரு தோளைப் பிடிச்சுத் தூக்கினோம். சின்னப் புள்ள மாதிரி அழுதுட்டாரு சார், வெக்கத்துல."

அன்றோடு அவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். "செஸ் சலிச்சுப்போச்சு, இனிமே என்ன புதுசா ஆடிடப் போறேன்" என்று மனைவியிடம் சொன்னாராம். இதைச் சொல்லும்போது மேடம் மேஜைமேல் இருந்த அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு தடவையும் படீரென்று உள்ளே போயிற்று.

சென்ற வாரம் கிடங்குக்குக் கையெழுத்துப் போடப் போனார். நானும் கூடப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே, பிடுங்கிய பெஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கால் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலே 214. அறுத்த கால் முனை நாலும் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்திலேயே அந்த நீல ஸ்டூல். ஒரு காலில் வெள்ளைச் சாக்பீஸால் எண் போட்டிருந்தார்கள்.

கிடங்கு மேஸ்திரிக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "மேடம், எங்க பசங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டாங்க. நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க, நான் எதுவும் எழுதல" என்றார்.

"புகார் எத்தனை?"

"மூணு மேடம். ஆனா..."

"மூணு இருக்கு இல்ல. தாளைக் குடுங்க."

தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பாதங்களைப் பார்த்துக்கொண்டார். உதடு அசைய ஆரம்பித்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அறுபது அவ்வளவு நீளமானது என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. எண்ணி முடித்ததும் உதடு நின்றது. வலது கை மட்டும் முன்னால் நீண்டது.

ஸ்டூலில் கைப்பிடி கிடையாது. எழுந்திருக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மேஸ்திரி பதறி ஓடி வந்து தன் கையைக் கொடுத்தார்.

அவர் அதைப் பிடிக்கவில்லை.

"கை வேணாம் மேஸ்திரி" என்றார். "பேனா குடுங்க."