காது மெக்கானிக்

என் அக்கா கணவரை ஊரே ‘காது மெக்கானிக்’ என்றுதான் கூப்பிடும். ஓடுகிற இஞ்சினில் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, கோளாறு இங்கேதான் என்று விரலை வைத்துவிடுவார். அவருடைய மெக்கானிக் ஷெட்டின் மூலையில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். நாற்பத்திரண்டு வயதாகியும் அவருக்கு நான் ‘மாப்ளே’தான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். போன வாரம் வண்டிக்காரர் ஒருவர் முன்னாலேயே, “பெல்ட்டு கத்துது மாமா, உங்களுக்குக் கேக்கலையா?” என்று கேட்டுத் தொலைத்தேன். சேதி எப்படியோ வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

“வெளியாள் முன்னாடி அவர் மானத்தை வாங்குறியா? இனிமே அவர் வண்டி பார்க்கும்போது நீ முகத்தைக்கூட சுளிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் வந்தார். பதினாறு வருடப் பழைய டர்போ டீசல் கார்.

“ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குதுங்க. அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கிளம்பியாகணும்.”

டர்போ என்பது காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிற சின்னச் சக்கரம். போகிற வழியில் காற்று ஒழுகினால் வண்டிக்கு மூச்சு வாங்கும். மாமா ரப்பர் குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஒரு வளைவில் நுரை பொங்கியது. குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “பழைய வண்டி, கொஞ்சம் கசியத்தான் செய்யும்” என்றார். புதுக் குழாயை மாட்டினோம்.

மாமா ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்ள, டீச்சர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். வேகம் ஏற ஏற டர்போவிலிருந்து மெல்லிய ஊளை ஒன்று கிளம்பியது, எங்கோ தூரத்தில் ஆம்புலன்ஸ் போகிற மாதிரி. எனக்குப் பல் கூசியது. சக்கரத்தின் தண்டு தேய்ந்தால் வருகிற சத்தம் அது. மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டேன். இத்தனை வருட அனுபவம், அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்றும் நினைத்தேன்.

“சரியாயிடுச்சு டீச்சர். தைரியமா ஏறுங்க” என்றார் மாமா.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஷெட்டைத் திறந்ததும் சொல்லிவிட்டேன்.

“மாமா, நேத்து அந்த டர்போ ஊளையிட்டுச்சு.”

அவர் முகம் வெளுத்துப்போனது. “ஊளையா? அப்புறம் நீ ஏன்டா மூஞ்சியச் சுளிக்கல?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மெல்லிசான சத்தம் எதுவும் எனக்குக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு, மாப்ளே. உன் மூஞ்சியப் பார்த்துத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன். அவரே தலையில் அடித்துக்கொண்டு நின்றதால் விட்டேன்.

“தண்டு தேஞ்சா டர்போ இஞ்சின் ஆயிலக் கக்கும். குழாய்ல ஓட்டை இருந்தவரைக்கும் அந்த எண்ணெய் வெளிய தெறிச்சுது. நான் ஓட்டைய அடைச்சு நேரா இஞ்சினுக்குள்ள விட்டுட்டேன். டீசலுக்குப் பதிலா அதைக் குடிச்சு ஓட ஆரம்பிச்சா, சாவியத் திருப்பினாலும் நிக்காது. போனைப் போடு!”

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்ததும் டீச்சரின் அலறல் காதைக் கிழித்தது. அதற்கும் மேலே இஞ்சின் அலறியது.

“ஓரமா நிறுத்திட்டேன்! சாவியத் திருப்பிட்டேன்! இஞ்சின் நிக்க மாட்டேங்குது! ஒரே புகை! அப்பாவால இறங்க முடியாது!”

மாமா சொல்லச் சொல்ல நான் போனில் கத்தினேன். “பிரேக்கை நல்லா மிதிங்க, விட்டுடாதீங்க! கிளட்சை மிதிச்சு அஞ்சாவது கியரைப் போடுங்க! இப்ப கிளட்சைப் பட்டுனு விடுங்க!”

தடால் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. “டீச்சர்! டீச்சர்!” என்று கத்தினேன். கடைசியில் ஒரு கிழவரின் இருமல் கேட்டது. “என்னம்மா ஆச்சு?” என்றது அந்தக் குரல். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அவர்கள் நிற்கிற இடத்துக்கு அனுப்பிவைத்தேன்.

“நின்னுடுச்சு மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

நான் எதிர்பார்த்த மாதிரி அவர் அழவும் இல்லை, பெருமூச்சு விடவும் இல்லை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம் உனக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் வீட்டுல படுத்திருந்தியே, மாப்ளே.”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“அந்த வாரம் எட்டு வண்டி பார்த்தேன். எட்டுக்கும் தைரியமா ஓட்டுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.”