பாலத்துக்காகக் கட்சி மாறியவர்

எர்மெலிந்தாவின் கணவர் கமிலோ பதினாறு வருஷமாகக் கோவா சட்டமன்ற உறுப்பினர். அதற்குள் மூன்று முறை கட்சி மாறியிருந்தார். கேட்டால், “நம்ம தீவுக்குப் பாலம் வேணாமா? ஆளுங்கட்சியில இருந்தாத்தானே நடக்கும்” என்பார். ஒவ்வொரு தாவலுக்கும் படகுத்துறையில் ஓர் அடிக்கல் முளைத்தது. பாலம்தான் வந்தபாடில்லை.

ஊருக்குப் பதில் சொல்லிச் சொல்லி எர்மெலிந்தாவுக்குத்தான் வாய் வலித்தது. கானாங்கெளுத்தி வாங்கப் போனால் மீன்காரி பியதாதி சும்மா விடமாட்டாள். “ஏம்மா, உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு எந்தக் கட்சி? காலையில கேட்டது இப்பவும் சரியா இருக்குமா?”

நான்காவது முறை கமிலோ மாறியதை எர்மெலிந்தாவே தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். மாலையில் புதுக் கட்சித் துண்டோடு வந்தவர், “நாளைக்கு அடிக்கல் விழா. நீயும் மேடைக்கு வா” என்றார்.

“முதல் கல்லு மேல கருவாடு காயுது. போய்ப் பாருங்க. நான் வரல.”

“தீவுக்காகத்தானே மாறுறேன்!”

“தீவு இருந்த இடத்துலயேதான் இருக்கு. நீங்கதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறீங்க.”

மறுநாள் மேடையில் அவளுடைய நாற்காலி காலியாகவே கிடந்தது. அடுத்த தேர்தலில் கமிலோ டெபாசிட்டையும் இழந்தார். தானும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்பதை முடிவு வந்த அன்றைக்கே ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவள் கூப்பிடவில்லை.