இரண்டு விரல் துணி

வேலையை விட்டு நீக்குகிற கடிதம் என்று நினைத்தாலே எனக்குப் பயம். கடல் கடந்து பிழைக்கிறவனுக்கு அந்தப் பயம் சம்பளத்தோடு சேர்ந்தே வருகிறது. அப்போதெல்லாம் பூந்தமல்லியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த கலீல் ரகுமான் பாயை நினைத்துக்கொள்வேன். அவருக்கு அந்தக் கடிதம் எழுதி, மை காய்ந்து, உறைக்குள்ளும் போய்விட்டது.

நாற்பத்து நாலாம் வருஷம், சண்டைக்காலம். ஆவடி முகாமில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்குக் காக்கி நிஜார் தைக்க ஒரு காண்டிராக்டர் கொட்டகை போட்டிருந்தார். முப்பது தையல்காரர்கள். வெட்டுவதும் தைப்பதும் ஒரே ஆள். பாய் தினமும் சைக்கிளில் போய்வருவார். கொட்டகைக்கு மானேஜர் ஜானகிராமன். என்னென்ன செய்தால் வேலை போகும் என்று பதினாறு விதிகள் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். பாய்க்குப் படிக்க வராது. மாட்டியிருந்த ஆணி கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஒரு தான் துணியில், அதாவது ஒரு முழுச் சுருளில், இருபது நிஜார் வரவேண்டும். பாய்க்குப் பத்தொன்பதுதான் வந்தது. மூன்று மாதமாக அப்படியே.

“துணி எங்க போச்சு பாய்?” என்றார் ஜானகிராமன்.

“எங்கயும் போவல சார். நிஜாருக்குள்ளயே கீது.”

மேஜையில் கிடந்த ஒரு நிஜாரை எடுத்து, தையலைப் பிரித்துக் காட்டினார். பின்பக்கம் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தது. பூந்தமல்லியில் பள்ளிக்கூடத்துப் பையனுக்கானாலும் கல்யாண மாப்பிள்ளைக்கானாலும் அப்படித்தான் தைப்பார்கள். பையன் வளருவான், மாப்பிள்ளை பெருப்பான், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

மேஸ்திரி மணவாளன் சிரித்தார். “சோல்ஜருக்கு வயசு இருபத்தஞ்சு, பாய். இன்னும் ஒசரணுமா?”

“ஒசர வாணாம் அண்ணாத்தே. துன்னா பெருக்க மாட்டானா?”

திருட்டு இல்லை என்று ஆயிற்று. ஆனால் துணி கிடைக்காத காலத்தில் வீணடித்தது ஒன்பதாம் விதி, சொன்ன அளவை மீறியது பதினோராம் விதி. ஜானகிராமன் கடிதத்தை எழுதிவிட்டார். நல்ல வேளை, அவர் எதையும் அத்தாட்சியோடு செய்கிறவர். எவ்வளவு துணி வீண் என்று எண்ணிக் காட்ட வேண்டுமே. உள்ளே துணி மடித்து விட்டு பாய் தைத்த நிஜார்களை எல்லாம் திருப்பி அனுப்பும்படி முகாமுக்கு எழுதிப் போட்டு, பதில் வரும்வரை பாயை வீட்டில் இருக்கச் சொன்னார்.

“பட்டாளத்தானுக்கு மாப்பிள்ளை உடுப்பா தெச்சீங்க?” என்று பாயின் மனைவி ரோஷன் பேகம் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆளுக்கு ஒரு பொண்ணையும் பாத்துக் குடுக்கறதுதானே!” சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மூன்று நாளும் அவள் அடுப்பில் கஞ்சிதான்.

நாலாம் நாள் முகாமிலிருந்து லாரி வந்தது. நிறைய நிஜார். ஒன்றுகூட பாய் தைத்ததில்லை. கூட வந்த இங்கிலீஷ் கடிதத்தை ஜானகிராமன் இரண்டு தரம் படித்தார். பட்டினி ஊர்களிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த பையன்கள், மூன்று வேளைச் சாப்பாட்டில் இடுப்பு பெருத்துவிட்டார்கள். நீங்கள் கேட்கும் நிஜார்களை இங்கேயே பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாயிற்று. திருப்பித் தர இயலாது. மற்றவை, ஆள் குனிந்தால் கிழிகின்றன. வேறு துணி கொடுத்து அதே தையல்காரரைக் கொண்டு தைத்து அனுப்பவும்.

மணவாளன்தான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினார்.

“விதிப்படி நீ செஞ்சது குத்தந்தான்,” என்றார் ஜானகிராமன், பாய் வந்து நின்றதும்.

“ஆமா சார்.”

“இனிமே ஒரு விரல் விடு.”

“ரெண்டு சார்.”

“ஒண்ணரை. அதுக்கு மேல கேக்காத.”

அன்று கொட்டகையில் முப்பது மிஷினும் நின்றுபோய்ச் சிரிப்புச் சத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜானகிராமன் பூந்தமல்லிக்கே வந்துவிட்டார். அக்குளில் ஒரு பொட்டலம். இடுப்பில் இறுகிப்போன தமது வெள்ளைக் கால்சட்டை. உறையோடு அந்தக் கடிதத்தையும் பாயிடம் கொடுத்து, “கிழிச்சுப் போட்டுடு,” என்றார்.

பாய் கிழிக்கவில்லை. நல்ல கெட்டிக் காகிதம். கத்தரிக்கோலால் வெட்டிப் பாக்கெட்டுக்கு அளவுக் காகிதமாக வைத்துக்கொண்டு, இடுப்பை அளவெடுக்க மானேஜரை நிற்கச் சொன்னார்.

“மூச்ச இழுக்காதீங்க சார். உள்ளபடி நில்லுங்க.”